திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும்? போர்ட், ஷெரி, பூசை இரசம்

நத்தார் முடிந்து தை பிறந்ததும் ஒரே கேள்வி இரண்டு பக்கத்தில் இருந்து என்னிடம் வரும். ஒன்று, வீடுகளில் இருந்து. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த உறவினர் ஒரு போர்ட் வைன் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நத்தார் இரவு அதைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றியிருப்பார்கள். மிச்சம் கண்ணாடி அலுமாரியில் நிற்கும். "இது பழுதாகாதுதானே? வைன் பழசானால்தானே நல்லது?" என்று கேட்பார்கள். மற்றது, கிராமத்துச் சிற்றாலயங்களைப் பார்க்கிறவர்களிடம் இருந்து. மாதத்தில் ஒன்றோ இரண்டோ பூசை மட்டும் நடக்கும் இடங்கள் அவை. போன மாதம் திறந்த இரசத்தை இந்த மாதமும் பாவிக்கலாமா என்பது அவர்களுடைய கேள்வி.

வன்னியில் ஒரு பங்கின் திருப்பண்ட அறையை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. "பழசானால் நல்லது" என்பது திறக்காத போத்தலுக்கு, அதுவும் சில வகைகளுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. தக்கையை இழுத்த பிறகு கணக்கு வேறு. வகையைப் பொறுத்து அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஒரு வருடமாகவும் இருக்கலாம். போத்தலில் ஒட்டிய தாளை வாசிக்காமல் யாராலும் நாள் சொல்ல முடியாது.

இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குடி எத்தனை வீடுகளைத் தின்றது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். போர்ட் வைன் இனிப்பாக, பழரசம் போல இருப்பதால் அதைச் சும்மா பானம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது ஏறக்குறைய 20 வீத மதுசாரம், சாதாரண பியரைப் போல நான்கு மடங்கு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேற என்று பிரண்டியோ இனிப்பு வைனோ கொடுக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. மதுசாரம் தாய்ப்பாலில் போகும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மதுசாரத்தை ஏன் கூட்டினார்கள்

திராட்சைச் சாறு தானாகப் புளிக்கும்போது, பழத்தில் உள்ள சீனியை மதுவம் மதுசாரமாக மாற்றுகிறது. அப்படிக் கிடைக்கும் சாதாரண வைனில் 12 முதல் 14 வீதம் வரை மதுசாரம் இருக்கும். போர்ட், ஷெரி, மதேரா, மார்சாலா ஆகியவை வேறு வகை. இவற்றில் திராட்சையில் இருந்து வடித்த சாராயத்தை மேலதிகமாகச் சேர்த்திருப்பார்கள். மதுசாரம் கூட்டிய வைன் என்று இவற்றைச் சொல்லலாம்.

போர்ட் வைன் போர்த்துக்கலின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது. அங்கே சாறு பாதி புளித்திருக்கும்போதே 77 வீதச் சாராயத்தை ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற அளவில் ஊற்றுகிறார்கள். மதுவம் செத்துப்போகிறது, மிச்சச் சீனி அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் கடுமையாகவும் இருக்கிறது. 1703 இல் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் செய்த மெதுவென் உடன்படிக்கையால் போர்த்துக்கல் வைனுக்கு இங்கிலாந்தில் வரி குறைந்தது. கப்பல்கள் நிரம்பின. நீண்ட கடற்பயணத்தில் வைன் புளித்துப் போகாமல் இருக்கச் சாராயம் சேர்க்கும் வழக்கம் அந்த வியாபாரத்தோடு வளர்ந்தது. 1756 இல் பொம்பால் பிரபு டூரோவுக்கு எல்லைக்கல் நாட்டி, எந்தத் தோட்டத்து வைன் போர்ட் என்ற பெயரில் போகலாம் என்று வரையறுத்தார்.

அந்த வைன் போன மரப்பீப்பாவுக்குப் போர்த்துக்கீச மொழியில் 'பீப்பா' என்றே பெயர். மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஆண்டவர்கள் கோட்டைகளோடு இந்தச் சொல்லையும் எங்களுக்கு விட்டுப் போனார்கள். டூரோவில் இன்றும் வைனைப் பீப்பாக் கணக்கில்தான் சொல்கிறார்கள், ஒரு பீப்பா என்றால் 550 லீற்றர்.

ஆக, மதுசாரத்தைக் கூட்டியது வைனைக் காப்பாற்றத்தான். எதில் இருந்து காப்பாற்ற என்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

திறந்த வைனைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, வினாகிரிப் பற்றீரியா. காலையில் இறக்கிய பனங்கள் மாலைக்குள் கடுத்து, அடுத்தடுத்த நாட்களில் குடிக்க முடியாத அளவுக்குப் புளித்துப் போவதை எல்லோரும் அறிவோம். மதுசாரத்தைப் பிடித்து, காற்றையும் சேர்த்து, அசற்றிக் அமிலமாக்குவதுதான் இந்தப் பற்றீரியாவின் வேலை. 12 வீத வைனுக்கும் அதே கதிதான், கொஞ்சம் பிந்தி நடக்கும். ஆனால் மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டினால் இந்தப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை பிழைக்காது. ஆகவே 18, 20 வீத வைன் இலேசில் வினாகிரியாகாது.

இரண்டாவது எதிரி காற்றில் உள்ள ஒட்சிசன். இதற்கு உயிர் இல்லை, மதுசாரத்துக்குப் பயமும் இல்லை. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பது போல, வைனின் நிறம் மெல்ல மண்ணிறமாகும். பழத்தின் வாசனை முதலில் போகும். பிறகு நசுங்கிய அப்பிள் பழம் போன்ற ஒரு மணம் வரும். கடைசியில் இனிப்பும் கடுப்பும் மட்டும் மிஞ்சி, உயிர் போன ருசியாகிவிடும். குடித்தால் வருத்தம் வராது. ஆனால் உறவினர் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பொருள் அதில் இல்லை.

வகையைப் பார்த்து நாளைச் சொல்லுங்கள்

செய்யும்போதே காற்றோடு பழகிய வைன் திறந்த பிறகும் தாங்கும். காற்றே படாமல் வளர்த்த வைன் திறந்ததும் விழுந்துவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பட்டியலைப் பாடமாக்கத் தேவையில்லை.

மதேராவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வெக்கையின் பிள்ளை அது. அத்திலாந்திக்கில் உள்ள மதேரா தீவு, கிழக்கே வரும் கப்பல்கள் தண்ணீரும் சாமானும் ஏற்றும் இடமாக இருந்தது. அங்கே ஏற்றிய வைன் பீப்பாக்கள் வெப்ப வலயத்தைக் கடந்து இந்தியாவரை வந்தன. விற்காமல் திரும்பிப் போன பீப்பாக்களைத் திறந்து பார்த்தபோது, வெயிலிலும் கப்பலின் ஆட்டத்திலும் வைன் கெடாமல் முன்னையதைவிட நன்றாக இருந்ததைக் கண்டார்கள். பிறகு வைனைச் சுற்றி வரச் செய்வதற்கென்றே கப்பலில் ஏற்றினார்கள். இன்று கப்பல் இல்லை. மலிவான வகையைத் தொட்டிகளில் 45 பாகை செல்சியஸ் அளவில் மூன்று மாதமாவது சூடாக்குகிறார்கள். நல்ல வகையைக் கூரைக்குக் கீழே பீப்பாக்களில் வருடக்கணக்காக வெயிலின் வெக்கையில் விடுகிறார்கள். வெக்கையும் காற்றும் செய்யக்கூடிய கெடுதியை எல்லாம் அது ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. திறந்த மதேரா மாதக்கணக்கில் நிற்கும். ஒரு வருடம் கழித்தும் பெரிய மாற்றம் தெரியாது. எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பொருத்தமான வெளிநாட்டு வைன் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் கொண்டு வருகிறவர்கள் போர்ட்டைத்தான் கொண்டு வருகிறார்கள்.

போர்ட்டில் பிரிவுகள் உண்டு. 'டோனி' என்று எழுதியிருந்தால், அது மரப்பீப்பாவில் பல வருடம் இருந்து, மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குடித்தது. 10, 20, 30, 40 வருடம் என்று தாளில் அடித்திருப்பார்கள். நிறமும் சிவப்பு அல்ல, தேயிலைச் சாயம் போல இருக்கும். திறந்த பிறகு குளிரில் ஒரு மாதம், சிலது இரண்டு மாதம் தாங்கும். 'ரூபி' என்பது பெரிய தொட்டிகளில் காற்றுப் படாமல் வைத்த, நல்ல சிவப்பான, இளம் போர்ட். கடைகளில் அதிகம் கிடைப்பதும் விமான நிலையத்தில் அதிகம் வாங்குவதும் இதுதான். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு கிழமை. 'லேட் பொட்டில்ட் விண்டேஜ்' நான்கு முதல் ஆறு வருடம் பீப்பாவில் இருந்தது. அதற்கு நான்கு ஐந்து நாள், ஒரு கிழமைக்குள் முடிப்பது நல்லது.

வெறும் 'விண்டேஜ்' என்று வருடத்தோடு எழுதியிருந்தால் கவனம். அதுதான் விலை கூடியது, அதுதான் திறந்ததும் முதலில் சாகிறது. இரண்டு வருடமளவில் பீப்பாவில் இருந்துவிட்டு, மிச்ச இருபது முப்பது வருடமும் போத்தலுக்குள்ளேயே இருட்டில் வளர்ந்தது. திறந்தால் இரண்டு மூன்று நாள். மிகப் பழையது என்றால் அன்றைக்கே. இப்படி ஒரு போத்தலைத் திறந்து பாதியை அடுத்த நத்தாருக்கு என்று எடுத்து வைப்பதைவிட, திறக்காமலே படுக்கையாக வைப்பது மேல். அடியில் கறுப்பாக மண்டி இருந்தால் பயப்படத் தேவையில்லை, அது பழுதல்ல. மெல்லிய துணியில் வடித்தால் போதும்.

ஷெரி ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் இருந்து வருவது. அதிலும் இதே கதைதான். 'ஃபினோ', 'மன்சனிலா' இரண்டும் வெளிறிய நிறம், 15 வீதம் அளவு. பீப்பாவுக்குள் வைனின் மேல் மதுவம் ஓர் ஆடை போலப் படர்ந்து காற்றை மறித்துக்கொண்டிருந்த வகை. திறந்தால் அந்த ஆடை இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் போகாது. 'ஒலொரோசோ', 'கிரீம்' என்று வருபவை மண்ணிறமானவை, மதுசாரமும் கூட. அவை ஒரு மாதம் முதல் ஆறு கிழமை வரை நிற்கும். 'அமொன்தியாடோ' இரண்டுக்கும் நடுவில். இத்தாலியின் மார்சாலாவும், மூலிகை போட்ட வெர்மூத்தும் குளிரில் ஒன்று இரண்டு மாதம் தாங்கும்.

யாழ்ப்பாணத்து முந்திரிகை வைனையும் இதில் சேர்த்துக் கேட்பார்கள். வசாவிளான் தோலகட்டி ஆச்சிரமத் துறவிகளின் முந்திரிகை வைனும் நெல்லி இரசமும் ஊரறிந்தவை. உள்ளூர் வைன் எதுவானாலும் தாளில் மதுசார வீதத்தைப் பாருங்கள். 15க்குக் கீழே என்றால் மேலே சொன்ன நாட்கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. சாதாரண வைனாக நினைத்து, குளிரில் வைத்து மூன்று நான்கு நாளில் முடிக்க வேண்டும். நெல்லி இரசம் வைனே அல்ல, சீனிப்பாகு. அதன் கணக்கு வேறு.

எங்கள் வெயிலுக்கு எப்படி மாற்றுவது

மேலே சொன்ன நாட்கள் ஐரோப்பாக்காரர் தங்கள் நிலவறைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சொல்பவை. அவர்கள் 'அறை வெப்பம்' என்று எழுதினால் அது 18 பாகையாக இருக்கலாம். கிளிநொச்சியில் சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே அது வேறு உலகம். பத்துப் பாகை கூடும்போது இப்படியான இரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது பாடசாலையில் படித்த பொதுவிதி. 15 பாகைக்கும் 32 பாகைக்கும் இடையில் வேகம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே வெளியே வைத்தால், அங்கே ஒரு மாதம் என்று எழுதியிருப்பதை இங்கே ஒரு கிழமை, கூடினால் பத்து நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமை என்றால் நான்கு நாள். மதேரா மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது.

குளிர்சாதனப் பெட்டி இருந்தால் சிவப்பு வைனையும் அதற்குள்ளேயே வையுங்கள். சிவப்பைக் குளிரில் வைக்கக்கூடாது என்பது பரிமாறும் நேரத்துக்குரிய பேச்சு, சேமிப்புக்கு அல்ல. எடுத்து அரை மணித்தியாலம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில் பாலும் மீனும் கெட்டன, ஆனால் மதுசாரம் கூட்டிய வைனுக்கு அது பெரிய ஆபத்தல்ல. பெட்டிக் கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் விட்டால் போதும்.

வெப்பத்துக்கு அடுத்தது, போத்தலுக்குள் இருக்கும் வெறும் இடம். பாதி குடித்த போத்தலில் மறுபாதி காற்று. அந்தக் காற்றை வெளியே இழுக்கும் சிறு பம்புகள் விற்கிறார்கள், வாங்கத் தேவையில்லை. மிச்சத்தைச் சிறிய கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, திருகு மூடியால் இறுக்கினால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும். பாணி மருந்து வரும் மண்ணிறப் போத்தல்கள் மிக நல்லவை, வெளிச்சத்தையும் மறிக்கும். சுடுதண்ணீரில் அவித்து, முற்றாகக் காயவைத்துப் பாவிக்க வேண்டும். தண்ணீர் வந்த பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், அதன் சுவர் வழியாகவே காற்றுப் போகும். போத்தல் நிமிர்ந்தே நிற்கட்டும், படுக்க வைத்தால் காற்றுப் படும் பரப்புக் கூடும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கனமான, பளபளக்கும் கிறிஸ்டல் குடுவைகள் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கிறிஸ்டலில் ஈயம் கலந்திருக்கும். வைனின் அமிலம் அந்த ஈயத்தை மெல்லக் கரைக்கும். விருந்து மேசையில் ஒரு மணித்தியாலம் வைப்பது வேறு, மாதக்கணக்கில் ஊற்றி வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

பூசை இரசம்

வீட்டில் ருசி போனால் நட்டம் ஒரு போத்தல். கோயிலில் அப்படியல்ல. திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் இலக்கம், இரசம் திராட்சைப் பழத்தில் இருந்து வந்த இயற்கையான இரசமாக, பழுதடையாததாக இருக்க வேண்டும் என்கிறது. 2004 இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டல், இரசம் புளித்துப் போகாமல் மிகக் கவனமாகப் பேண வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. வினாகிரியாகிவிட்ட இரசத்தை வைத்துப் பூசை ஒப்புக்கொடுக்க முடியாது. மாதம் ஒருமுறை மட்டும் குருவானவர் வருகிற, கடல் கடந்தோ காடு கடந்தோ இருக்கிற ஒரு கிராமத்தில், பீடத்தில் இரசத்தை மணந்து பார்க்கும்போதுதான் அது வினாகிரி என்று தெரிய வந்தால், காத்திருந்த சனத்துக்கு அன்றைக்குப் பூசை இல்லை.

வெப்ப நாட்டு மறைபரப்புத் தளங்களில் இந்தப் பிரச்சினை பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிக்கு இதுபற்றிக் கேள்விகள் போயின. இரசத்தில் மதுசாரம் கூட்டலாம், ஆனால் அது திராட்சையில் இருந்து வடித்ததாகவே இருக்க வேண்டும், மொத்தம் 18 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று பதில் வந்தது. இதனால்தான் பூசைக்கென்று விற்கும் இரசங்களில் பல 16 முதல் 18 வீதம் வரை இருக்கின்றன. கடையில் உள்ள இனிப்பு வைனை எல்லாம் பூசைக்கு எடுக்க முடியாததும் இதனால்தான். கரும்புச் சாராயம், வாசனை, நிறம் சேர்த்தவை பூசைக்கு உதவா. வெர்மூத் உதவாது. சந்தேகம் என்றால் ஆயர் இல்லத்தில் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

கிராமத்துச் சிற்றாலயத்துக்குக் கணக்கு இப்படி வரும். ஒரு பூசைக்கு 20 மில்லிலீற்றர் என்று வைத்தால் 750 மில்லிலீற்றர் போத்தல் 37 பூசைக்குப் போதும். தினமும் பூசை உள்ள பங்குக் கோயிலில் அது ஐந்து கிழமையில் முடியும், பிரச்சினை இல்லை. மாதம் இரண்டு பூசை உள்ள இடத்தில் அதே போத்தல் ஒன்றரை வருடம் கிடக்கும். ஆகவே சிற்றாலயத்தில் பெரிய போத்தலை வைப்பதே பிழையான ஏற்பாடு. பங்கில் ஒரு போத்தலைத் திறந்த அன்றே நாலைந்து சிறு போத்தல்களில் விளிம்புவரை ஊற்றி, திகதி எழுதி, பூசைக்குப் போகும்போது ஒன்றைக் கையோடு கொண்டுபோவதுதான் சரி. 16 முதல் 18 வீத இரசம் என்றால், விளிம்புவரை நிரப்பி மூடிய சிறு போத்தல் வெளியில் நின்றாலும் இரண்டு மூன்று மாதம் நம்பலாம். அதைத் திறந்த பிறகு அந்தக் கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். 12 வீத இரசத்துக்கு இந்த நம்பிக்கை கிடையாது.

ஊற்றும் கிண்டி பித்தளை என்றால் பூசை முடிந்ததும் மிச்சத்தை அதில் விட வேண்டாம். இரசத்தின் அமிலம் செம்பைக் கரைத்துப் பச்சையாக்கும். சாம்பிராணி, மண்ணெண்ணெய், மெழுகுதிரிப் பெட்டி இவற்றுக்குப் பக்கத்தில் வைத்த போத்தலின் தக்கை அந்த மணத்தைப் பிடித்துவிடும். மதுசாரம் குடிக்கக்கூடாத குருவானவர்கள் அனுமதியோடு பாவிக்கும் 'முஸ்தும்' என்ற, புளிக்கத் தொடங்கியதும் நிறுத்திய சாறு எல்லாவற்றையும்விட விரைவில் கெடும். அதைச் சிறு பங்காக உறைய வைத்து, தேவைக்கு ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும்.

சிறு போத்தல் முறையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வன்னிக்குள் எங்கள் பங்குக்கு வந்த இரசப் போத்தல்களை விரல்விட்டு எண்ணலாம். மின்சாரம் இல்லை. குருவானவர் ஒரு பூசைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் ஊற்றினார், சட்டப்படி அதுவே போதும். ஒரு போத்தல் பல மாதத்துக்கு இழுபட வேண்டியிருந்தபடியால், திறந்ததும் பாணி மருந்துப் போத்தல்களுக்கு மாற்றினோம். அவற்றை மண்பானைக்குள் வைத்து, அந்தப் பானையை இன்னொரு பெரிய பானைக்குள் இறக்கி, இடைவெளியில் மணலைப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வெளியே கொதிக்கும் மத்தியானத்திலும் உள்ளே கை வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இடப்பெயர்வு தொடங்கியதும் பானையை விட்டுவிட்டுப் போத்தல்களை மட்டும் எடுத்தோம். ஒன்று உடைந்தால் மற்றது இருக்கும் என்பதற்காக வெவ்வேறு ஆட்களின் பையில் போட்டோம். தறப்பாள் கொட்டிலுக்குள் பகலில் எதையும் வைக்க முடியாது, அவ்வளவு சூடு. பதுங்கு குழியின் மண் சுவரில் ஒரு சிறு பொந்து தோண்டி அதில் வைத்தோம். நிலத்துக்குக் கீழே நாலு அடியில் மண் எப்போதும் குளிர்தான். 2009 மாசியில் திறந்த போத்தல் ஒன்றில் நிறம் மங்கியிருந்தது, பழ மணம் முற்றாகப் போயிருந்தது. ஆனால் புளிக்கவில்லை. குருவானவர் மணந்து பார்த்துத் தலையாட்டினார். அன்று பூசை நடந்தது. 18 வீத இரசமாக இல்லாமல் 12 வீதமாக இருந்திருந்தால், அந்த வெயிலில் ஒரு மாதத்தையும் அது தாண்டியிருக்காது.

வியட்நாமில் வான் துவான் ஆண்டகை 1975 இல் சிறைப்பட்டு 13 வருடம் இருந்தார், அதில் ஒன்பது வருடம் தனிமைச் சிறை. வயிற்று வருத்தத்துக்கு மருந்து வேண்டும் என்று வெளியே எழுதினார். விசுவாசிகளுக்குப் பொருள் விளங்கியது. 'வயிற்று நோய் மருந்து' என்று எழுதி ஒரு சிறு போத்தலில் இரசம் அனுப்பினார்கள், ஈரம் படாமல் கைவிளக்கு ஒன்றுக்குள் அப்பத்தையும் வைத்தார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் வைத்து அவர் பூசை செய்தார். 2001 இல் கர்தினாலானார், அடுத்த வருடம் காலமானார். ஒரு பூசைக்கு மூன்று துளி என்றால் ஒரு மருந்துப் போத்தல் எத்தனை நாளைக்கு வரும் என்று திருப்பண்ட அறைக்காரன் என்ற முறையில் நான் கணக்குப் பார்த்ததுண்டு. 20 துளி ஒரு மில்லிலீற்றர் என்றால், 100 மில்லிலீற்றர் போத்தல் அறுநூறு பூசைக்கு மேல்.

பழுதை எப்படி அறிவது, பழுதானதை என்ன செய்வது

முதலில் மூக்கு. வினாகிரி மணமோ, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் மணமோ வந்தால் முடிந்தது. பிறகு மேற்பரப்பு. வெள்ளையாக ஆடை மிதந்தால் முடிந்தது. நிறம் மண்ணிறமாகி மணம் மட்டும் குறைந்திருந்தால் பழுது அல்ல, வயது. வீட்டில் குடிப்பதற்கு உதவாது, சமையலுக்கு உதவும். பூசைக்கு என்றால் குருவானவர்தான் தீர்மானிக்க வேண்டும். எழுந்தேற்றம் செய்யாத, பழுதான இரசத்தைச் செடிக்கு ஊற்றிவிடலாம். எழுந்தேற்றம் செய்த இரசத்தை ஒரு துளியும் கொட்டக்கூடாது, பூசையிலேயே அருந்தி முடிக்க வேண்டும்.

மணம் போன போர்ட்டை நத்தார் கேக்குக்குப் பிளம்ஸ் ஊறவைக்கப் பாவிக்கலாம், அங்கே குறையே தெரியாது. இல்லாவிட்டால் வினாகிரி ஆக்கலாம். ஆனால் அது தானாக ஆகாது, 20 வீதத்தில் பற்றீரியா சாகும் என்று மேலே சொன்னேன். ஒரு பங்கு வைனுக்கு இரண்டு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்தால் மதுசாரம் ஏழு வீதமளவுக்கு இறங்கும். அதில் அரைப் பங்கு காய்ச்சாத கள் வினாகிரி ஊற்றி, வாய் அகன்ற கண்ணாடி அல்லது மண் பாத்திரத்தில், மூடி போடாமல் மெல்லிய துணியைக் கட்டி நிழலில் வையுங்கள். ஆறு கிழமைக்குள் புளித்துவிடும். போர்ட்டின் சீனி அதில் மிஞ்சியிருப்பதால் கொஞ்சம் இனிப்போடு இருக்கும், கத்தரிக்காய் மோஜுவுக்கு நன்றாகச் சேரும்.